நாலாம் பக்கம் வரை வாசித்த காப்புறுதி

அக்காவுக்குச் சொந்தமாக இரண்டு தையல் மெஷின்கள் இருந்தன. ஒன்று சாதாரண மெஷின். முதலில் மிதித்துத் தைத்தது, பிற்காலத்தில் அதற்கு மோட்டார் பூட்டியிருந்தாள். மற்றது ஓவர்லொக் மெஷின், வெட்டிய துணியின் ஓரம் பிரியாமல் அடிப்பது. அது தடித்த பலகை மேசையோடு பொருத்தியது. ஒரு ஆள் தனியாக அசைக்க முடியாத பாரம்.

வீடு சொந்தமில்லை. திருகோணமலையில் உவர்மலையின் அடிவாரத்தில், உட்துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஒழுங்கையில், பழைய ஓட்டு வீடொன்றின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தாள். முன்பாதியில் வீட்டுக்காரரும் மனைவியும். அவர் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தான் இறந்த பிறகு அக்கா தனியே அந்த வீட்டுக்கு வந்தாள். பிள்ளைகள் இல்லை. ஒன்பது வருடம் அங்கே இருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் ஒரே கூரையின் கீழ் அவ்வளவு காலம் இருந்தது அந்த வீட்டில்தான். பள்ளிக்கூடச் சீருடை தைத்து வாடகை கட்டினாள். மெஷின் ஓடும்வரை வீடு இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் அவளுடைய தம்பி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நிலாவெளியில் கரைவலை இழுத்தேன், ஹோட்டலில் கோப்பை கழுவினேன், மன்னாரிலும் கற்பிட்டியிலும் மீன்பிடிகாரரின் வாடிகளில் கிடந்தேன், கிளிவெட்டியில் இரண்டு போகம் அரிவு வெட்டினேன். ஒரு இடத்தில் மூன்று மாதம் இருந்தால் கால் கடுக்கத் தொடங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவேன். "இன்னும் சாகேல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே சோறு போடுவாள்.

அப்படி நான் வந்திருந்த ஒரு மாசி மாதத்தில்தான் காப்புறுதிக் கதை தொடங்கியது. பக்கத்து ஒழுங்கையில் மின்சாரக் கோளாறால் ஒரு வீடு எரிந்திருந்தது. வாடகைக்கு இருந்த குடும்பம் உடுத்த உடுப்போடு வெளியே வந்தது. வீட்டின் சொந்தக்காரருக்குக் காப்புறுதி இருந்தது. சுவர் பூசி, புதுக் கூரை போட்டார்கள். உள்ளே எரிந்த கட்டிலுக்கும் அலுமாரிக்கும் பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அந்தக் குடும்பம் சொந்தக்காரருடன் சண்டை பிடித்ததை அக்கா வேலியோரம் நின்று பார்த்திருக்கிறாள். "வீட்டுக்குக் காசு வந்ததெல்லே, வீட்டுக்குள்ள இருந்த எங்களுக்கு எங்க?" என்று அந்த மனிசி கேட்டாளாம்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு நித்திரை குறைந்துபோனது. காப்புறுதி முகவர் ஒருத்தியை யாரோ சொல்லி வரவழைத்தாள். தோப்பூரிலிருந்து ஸ்கூட்டியில் வருகிற இளம் பிள்ளை, வயல் செய்யும் கமக்காரர் வீட்டுப் பெட்டை. தலையில் ஹெல்மெட்டுக்குக் கீழே முக்காடு, கையில் ஒரு கட்டுப் பேப்பர்.

"காப்புறுதி வயலுக்கெல்லோ போடுறது?" என்றாள் அக்கா.

"எங்கட வாப்பாட வயலுக்கு இருக்கு அன்ரி. வாப்பாக்குத்தான் இல்லை. கேட்டா, நான் என்ன வெள்ளத்தில அழுகவோ போறன் எண்டு ஏசுறாரு."

அக்கா சிரித்துவிட்டாள். அந்தப் பிள்ளை கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்து விளங்கப்படுத்தினாள். "வீட்டுக்காரர் எடுத்திருக்கிற காப்புறுதி சுவருக்கும் கூரைக்கும் அன்ரி. உங்கட மெஷின் எரிஞ்சா அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. பிறகு அவர்ட காப்புறுதி ஏன் உங்களுக்குத் தரப்போகுது?"

"அப்ப எது என்ர, எது அவற்ற?"

"நீங்க வீடு மாறக்குள்ள லொறியில ஏத்துறதெல்லாம் உங்கட. ஏத்த ஏலாதது அவர்ட."

"அந்தக் கணக்கு எனக்கு நல்லாத் தெரியும் பிள்ளை. லொறியில ஏத்தினனாங்கள், ட்ரக்டரில ஏத்தினனாங்கள், வள்ளத்தில ஏத்தினனாங்கள். தலையில ஏத்தினது மட்டும்தான் கடைசி மட்டும் வந்தது."

வாடகைக்கு இருப்பவர்களும் தங்கள் சாமானுக்குத் தனியே காப்புறுதி எடுக்கலாம் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். தீ, மின்னல், புயல், வெள்ளம், களவு எல்லாம் அதில் அடங்கும். அக்காவின் கவலையீனத்தால் வீட்டுக்காரரின் சுவர் எரிந்தால் அதற்கும் அதிலிருந்து கொடுப்பார்கள். இதைக் கேட்டதும் அக்கா ஸ்திரிக்கைப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். தன் சாமான் எரிவதை நினைத்திருந்தாளே தவிர, தன் கையால் பிறத்தியாரின் வீடு எரியலாம் என்று அதுவரை நினைத்திருக்கவில்லை. வீட்டில் வைத்துச் செய்யும் சிறுதொழிலின் கருவிகளைச் சாதாரணமாகச் சேர்ப்பதில்லை, ஆனால் தனியே எழுதிக் கேட்டால் சேர்ப்பார்கள் என்று சொல்லி, இரண்டு மெஷின்களையும் அந்தப் பிள்ளை தனியே எழுதினாள்.

மற்றச் சாமான்களையும் லிஸ்ட் போடவேண்டியிருந்தது. அக்கா அதற்கு இரண்டு நாள் இழுத்தடித்தாள். எங்கள் சனத்துக்கு லிஸ்ட் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. எல்லாம் போன பிறகு, அகதி முகாம் வாசலில் ஒரு மேசை போட்டு, என்ன போனது என்று கேட்டு எழுதுவார்கள். அம்மா அப்படி ஆறு தரம் எழுதிக் கொடுத்தவள்.

"சாமான் இருக்கேக்க எழுதுற லிஸ்ட்டை நான் இப்பத்தான் காணுறன்," என்றாள் அக்கா. "எழுதி வைச்சா வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கூப்பிடுற மாதிரிக் கிடக்கு."

இருந்தாலும் எழுதினாள். கட்டில், அலுமாரி, குசினி மேசை, பிரிட்ஜ், ஸ்திரிக்கைப் பெட்டி, இரண்டு மெஷின். அந்தப் பிள்ளை தன் போனில் படம் எடுத்தபோது அக்கா தலையை வாரிக்கொண்டு வந்து மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். "அன்ரி, மெஷின் மட்டும் காணும்," என்றாள் பிள்ளை. "நான் இல்லாட்டி அது தைக்காது," என்றாள் அக்கா.

பத்திரம் வந்தபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். கால் கடுக்கத் தொடங்கியிருந்தது. தமிழிலும் தந்திருந்தார்கள், ஆனால் அது யாரும் பேசாத தமிழ். ஏழு பக்கம். அக்கா ஆறாம் வகுப்புவரைதான் படித்தவள், நான் எட்டு. வீட்டில் நான்தான் படித்த ஆள். பின்னேரம் குசினி வாசலில் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டு கேட்டாள். முதலாம் பக்கத்தில் பெயரும் விலாசமும். இரண்டாம் பக்கத்தில் எந்தெந்த ஆபத்துக்கு என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் சாமான். நாலாம் பக்கத்தில் வீட்டுக்காரருக்கு ஏற்படும் சேதம். அதை முடித்ததும் எனக்கு ஒரு பீடி தேவைப்பட்டது. அடுத்த நாள் விடிய கற்பிட்டிக்குப் போக ஒரு லொறியில் இடம் பிடித்திருந்தேன். நாலாம் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துவிட்டு எழும்பினேன்.

"மிச்சத்தை?" என்றாள்.

"வந்து வாசிக்கிறன். முக்கியமானது முடிஞ்சுது."

வருவதற்கு ஒன்பது மாதமானது.

நான் திரும்பி வந்தது கார்த்திகையில், புயல் வருகிறது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்த கிழமை. அறை முழுக்க வெள்ளைத் துணிப் பொட்டலங்கள். பள்ளிக்கூடங்களில் சீருடைத் துணி கொடுத்து முடிந்திருந்தது. பெற்றோர் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரும் அளவும் எழுதிய துண்டு குத்தியிருந்தது. அக்காவுக்கு வருடத்தில் கை ஓயாத காலம் அது. மிச்ச மாதங்களின் வாடகையும் அந்த மாதத்தில்தான் சேரும்.

அடுத்த நாள் மத்தியானம் காற்று மாறியது. மீன்பிடி வள்ளங்களை உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அறை நடுவில் நின்று ஓட்டைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பழைய ஓடு. சில இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

"பேப்பர் இருக்குதெல்லே. மெஷின் இங்கயே கிடக்கட்டும்," என்றாள்.

"பேப்பர் வந்து ஓட்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்குமோ? மாதா கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோவம். அது கொங்கிறீட்."

அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் வயதுக்காரர் யாரும் சொல்லமாட்டார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஆபத்து வந்ததெல்லாம் மேலேயிருந்துதான். ஷெல் சத்தம் கேட்டால் கொங்கிறீட் கூரையைத் தேடி ஓடுவோம். அதே மாதா கோயில் மண்டபத்தின் கூரைக்குக் கீழே எங்கள் குடும்பம் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. கொண்டுபோன சாமானில் ஒன்றுகூட அங்கே பழுதாகவில்லை. கடல் ஊருக்குள் வந்த வருடத்திலும் அந்த மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறவில்லை. அதைவிடப் பத்திரமான இடம் எங்களுக்குத் தெரியாது.

மீன் சந்தையில் ஒரு தள்ளுவண்டில் கேட்டு வாங்கி வந்தேன். ஓவர்லொக் மெஷினின் மேசையை அவள் ஒரு பக்கமும் நான் மறுபக்கமும் பிடித்துத் தூக்கினோம். முன்வாசலில் வீட்டுக்காரர் நின்றார்.

"எங்கை பிள்ளை ஊர்வலம்?"

"மண்டபத்துக்கு ஐயா. கூரைக்குப் பயமாக் கிடக்கு."

"என்ர ஓடு இந்த மலைக்குப் பின்னால பதுங்கிக் கிடக்கிற ஓடு. உன்ர மெஷினுக்கு மேல விழாது."

"ஓம் ஐயா, விழேக்க உங்களைக் கேட்டோ விழப்போகுது?" என்றேன் நான். அவர் சிரித்துக்கொண்டு வண்டிலுக்கு ஒரு கை கொடுத்தார்.

மண்டபத்தின் பின்மூலையில் மெஷின்களை வைத்தோம். மேலே தறப்பாள் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். ஒரு துளி ஒழுகினாலும் படக்கூடாது என்று சீருடைத் துணிப் பொட்டலங்களை மேசைக்குக் கீழே, நிலத்தில் அடுக்கினோம். மண்டபத்துக்குப் பின்னால், மழைத் தண்ணீர் ஓடிக் கடலுக்குப் போகிற பெரிய கான் இருந்தது. அந்தக் கானை நான் கண்டேன். மேசைக் காலுக்குக் கீழே இரண்டு கல் வைக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிபோல் அந்தக் கானால் தண்ணீர் வந்தது. மழைத் தண்ணீரைக் கடல் உள்ளே எடுக்கவில்லை, திருப்பி அனுப்பியது. மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருந்தோம். முதலில் பாயின் ஓரம் நனைந்தது. பிறகு முழங்கால். கோயில் கட்டடம் உயரமானது. எல்லோரையும் அங்கே மாற்றினோம். நடக்க முடியாத ஒரு வயதான மனிசியை நான் முதுகில் சுமந்து போனேன். திரும்பி வந்தபோது மண்டப வாசலில் தண்ணீர் இடுப்புக்கு நின்றது. தறப்பாள் மட்டும் மேலே உப்பி மிதந்தது. நான் கட்டிய முடிச்சு ஒன்றும் அவிழவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். குசினிக்கு மேலே சில ஓடுகள் போயிருந்தன. மெஷின் இருந்த அறையில் ஒரு நூல்கூட நனைந்திருக்கவில்லை. யன்னல் கட்டையில் அக்கா மறந்து வைத்துவிட்டுப் போன கத்தரிக்கோல் அப்படியே கிடந்தது.

மெஷின்களை அதே தள்ளுவண்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சேறு இறுகியிருந்தது. மெக்கானிக் வந்து மோட்டாரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டவில்லை. "உப்புத்தண்ணி அக்கா," என்றார். அவ்வளவுதான். பெற்றோர்கள் ஒவ்வொருவராக வந்து மஞ்சளாகிப் போன துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் ஏசவில்லை. ஒரு தாய் மட்டும், "பரவாயில்லை அக்கா, போன வருசத்துச் சட்டையின்ர மடிப்பை அவிழ்த்து நீட்டித் தாங்கோவன்," என்று கேட்டாள். அக்கா சரி என்று வாங்கி, இரண்டு இரவும் பகலும் கையாலேயே தைத்துக் கொடுத்தாள்.

அந்த முகவர்ப் பிள்ளை செய்தி கேட்டு ஓடிவந்தாள். சேதம் பார்க்கிறவர் அடுத்த நாள் வருவார் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் அக்கா சேறு துடைக்கத் துணி எடுத்தாள். மெஷின்களிலிருந்து உதிர்ந்த சேறு அறை நிலத்தில் பரவியிருந்தது.

"துடைக்காதே," என்றேன். "அப்பிடியே கிடக்கட்டும். இன்னும் ரெண்டு வாளி ஊத்துவம்."

வீட்டு விலாசத்துக்கு எடுத்த காப்புறுதி, மண்டபத்தில் நனைந்ததற்குத் தருமோ என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்திருந்தது. என்ன சொல்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. "சுவரில தண்ணி நிண்ட கோடு வேணும். அதை ஆர் கீறுறது?"

"நான் கீறுறன்."

"நீ சித்திரத்தில எடுத்த புள்ளி எனக்குத் தெரியும்." சொல்லிக்கொண்டே துடைக்கத் தொடங்கினாள். துணியைப் பிழிந்துவிட்டு நிமிராமலே சொன்னாள்: "முன்னுக்கு இருக்கிற மனுசனும் எங்களோட சேர்ந்து பொய் சொல்லவேணும். அந்தப் பிள்ளைக்கு வேலை போகும். வேண்டாம் தம்பி."

சேதம் பார்க்க வந்தவர் நடுத்தர வயதுக்காரர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மெஷின்களைப் படம் எடுத்தார். பிறகு சுவரைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார்.

"தண்ணி எதுமட்டும் ஏறினது அம்மா?"

"இங்க ஏறேல்லை ஐயா. மண்டபத்தில வைச்சிருந்தம்."

அவர் பத்திரத்தைக் கேட்டார். அக்கா அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மடித்திருந்த மூலையை அவர் விரலால் நீவிவிட்டு ஐந்தாம் பக்கத்தைப் பிரட்டினார். மெதுவாக, எங்களுக்கு விளங்கும் தமிழில் சொன்னார். சாமான் விலாசத்தில் உள்ள வீட்டுக்குள் இருக்கும்போதுதான் காப்புறுதி. ஆபத்துக்குப் பயந்து வேறிடத்துக்கு மாற்றலாம்; ஆனால் மாற்றுவதற்கு முன்னர் அறிவிக்கவேண்டும்.

"கடிதம் தேவையில்லை. போனில சொல்லியிருந்தாலே காணும்," என்றார். அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மெஷினை மாற்றிய அன்று மத்தியானம் அக்காவின் போன் அவளுடைய இடுப்பில்தான் செருகியிருந்தது. அந்தப் பிள்ளையின் நம்பரும் அதில் இருந்தது.

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். முகவர்ப் பிள்ளை போகாமல் நின்றாள். "நான் ஒவ்வொரு பக்கமா வாசிச்சுக் காட்டியிருக்கோணும் அன்ரி. என்ர பிழை."

"உன்ர பிழை இல்லை பிள்ளை. என்ர தம்பி முழுக்க வாசிச்சுக் காட்டினவன். எனக்குத்தான் மறந்துபோச்சு," என்றாள் அக்கா.

நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தை முடிவில் வீட்டை விட்டோம். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்க்கும் பகுதியில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. தங்குவதற்கு அங்கேயே இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அறை. கட்டிலையும் அலுமாரியையும் பிரிட்ஜையும் விற்றாள். மெஷின்கள் பழைய இரும்புக்காரனிடம் போயின. அவள் இறங்கிய அன்று குசினிக் கூரையில் இரண்டு பேர் புது ஓடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் காப்புறுதியில் அது வந்திருந்தது. எங்கள் முன்னால் நிற்க அவர் கூச்சப்பட்டார். "வேற ஆக்களை இப்ப வைக்கமாட்டன் பிள்ளை. கொஞ்ச நாள் பார்ப்பன்," என்றார். லொறி தேவைப்படவில்லை. ஒரு ஓட்டோவில் எல்லாம் அடங்கியது.

பஸ் நிலையத்தில் நிலாவெளி பஸ்ஸுக்குள் அவளை இருத்தினேன். மடியில் பை, அதற்கு மேலே தாளில் சுற்றிய கத்தரிக்கோல்.

"அக்கா, அஞ்சாம் பக்கம் நான் வாசிக்கேல்லை."

"தெரியும். நீ மடிச்சு வைச்ச மூலை அப்பிடியேதான் இருந்தது. ஒவ்வொரு நாளும் அலுமாரி திறக்கேக்க காணுறனான். வந்து வாசிப்பாய் எண்டு விட்டன்."

நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் தட்டினான். அவள் ஓவர்லொக் மெஷினைத் தூக்கிய கையைத் தடவிக்கொண்டு, "நீ அந்தக் கிழமை வந்திராட்டி..." என்று தொடங்கினாள்.

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. அந்த மேசையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். நான் வழக்கம்போல எங்கேயாவது கிடந்திருந்தால், அது நனையாத அந்த அறையிலேயே நின்றிருக்கும்.

"கடையில சாப்பிட்டிட்டுப் போ," என்றாள். "வெறும் வயித்தோட லொறி ஏறாதே."

பஸ் போனது. நான் அன்றைக்கு எந்த லொறியிலும் ஏறவில்லை. உட்துறைமுக வீதியால் நடந்து அந்த ஒழுங்கை முகப்புவரை போனேன். ஓடு போட்டவர்கள் ஏணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.